அடிவயிற்று வலியை வைத்துக் கருவைக் கணிப்பதில் நேரும் தவறுகள்

மாதவிலக்கு நாள் நெருங்கும் வேளையில் அடிவயிற்றில் ஓர் இழுப்பு தோன்றினால், குழந்தைக்காகக் காத்திருப்பவர் அதைக் கரு தங்கியதன் அடையாளமாகக் கொள்கிறார். கருவை எதிர்பாராதவர் அதே இழுப்பை வழக்கமான மாதவிலக்கு வலி என்று விட்டுவிடுகிறார். இரண்டு முடிவுகளுக்குமே ஆதாரம் இல்லை. கருமுட்டை வெளியான பிறகு, கரு உருவானாலும் உருவாகாவிட்டாலும், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. வயிற்று உப்புசம், மார்பகக் கனம், இடுப்புக் கடுப்பு, காரணம் தெரியாத அசதி ஆகியவை பெரும்பாலும் அதன் விளைவுகளே. ஆகவே, நாள் தள்ளிப்போவதற்கு முந்தைய வாரத்தில் இவ்விரு நிலைகளையும் உடல் உணர்வை மட்டும் கொண்டு பிரித்தறிய மருத்துவராலும் இயலாது.

நாட்கணக்கிலும் குழப்பம் நேர்கிறது. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு ஏறத்தாழ 14ஆம் நாளில் கருமுட்டை வெளியேறும்போது, அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் சில மணி நேரமோ ஓரிரு நாட்களோ வலி இருக்கக்கூடும். அதையே கரு ஒட்டும் வலி என்று எண்ணிக்கொள்வோர் உண்டு. உண்மையில் கரு கருப்பைச் சுவரில் பதிவது அதற்கு 6 முதல் 12 நாட்கள் கழித்துத்தான். அப்போது சிலருக்கு லேசான வலியும் சொட்டுச் சொட்டான உதிரக் கசிவும் ஏற்படலாம். பலருக்கு எதுவுமே தெரிவதில்லை. வலி வரவில்லை என்பதற்காகக் கரு தங்கவில்லை என்று மனம் தளர்வதும், நிமிர்ந்து நிற்க முடியாத அளவு வலியைக் கரு பதியும் வலி என்று பொறுத்துக்கொள்வதும் ஒரே தவறான நம்பிக்கையிலிருந்து வருபவை.

சிறுநீர்ச் சோதனை அட்டையை அவசரப்பட்டுப் பயன்படுத்துவது அடுத்த தவறு. அந்த அட்டை கண்டறியும் எச்.சி.ஜி. ஹார்மோன், கரு பதிந்த பிறகே சுரக்கத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. நாள் தள்ளிப்போகும் முன்பே சோதித்து, ஒற்றைக் கோடு கண்டு முடிவு கட்டுவதால் பயனில்லை. நாள் தள்ளிய பின், நிறையத் தண்ணீர் குடிக்காமல், காலையின் முதல் சிறுநீரில் சோதித்து, அட்டையின் உறையில் குறித்துள்ள நேரத்துக்குள் பார்க்க வேண்டும். நெடுநேரம் கழித்துத் தோன்றும் நிறமற்ற மங்கல் கோட்டுக்குப் பொருள் இல்லை. மாதவிலக்கும் வரவில்லை, இரண்டாம் கோடும் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதிப்பது நல்லது. கருத்தரிப்புச் சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, அந்த மருந்தே சில நாட்கள் இரண்டாம் கோட்டைக் காட்டிவிடும்.

நம் வீடுகளில் அடிவயிற்று வலி என்றாலே உடம்புச் சூடு என்று சொல்லி, தொப்புளில் விளக்கெண்ணெய் தடவி, மோரில் வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பார்கள். அதனால் கெடுதல் இல்லை. கெடுதல் அதனால் கழியும் நாட்களில்தான் இருக்கிறது. நீர்க்கடுப்போடு வரும் வலி சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்கம் இறங்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். கரு தங்கியிருக்குமோ என்ற ஐயம் உள்ள நேரத்தில், மாதவிலக்கு வலிக்கு வழக்கமாக வாங்கும் மெஃபெனாமிக் அமிலம் போன்ற மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது.

உயிரையே பறிக்கக்கூடிய தவறு இரண்டு கோடுகள் தெரிந்த பிறகு நேர்கிறது. கர்ப்பம் உறுதியாகிவிட்டது, இனி வரும் வலியெல்லாம் கருப்பை விரிவதால் வருவது என்று வீட்டார் அமைதி கொள்கிறார்கள். ஆனால் நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கிவிடுகிறது. அப்போதும் சோதனை அட்டையில் இரண்டு கோடுகள்தான் தெரியும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களுக்குள் ஒரு பக்கமாக வலியும் கசிவும் தொடங்கும். அந்தக் கசிவையே தாமதமாக வந்த மாதவிலக்கு என்று நம்பி, சோதனையே செய்யாதவர்களும் உண்டு. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் இரத்தம் தேங்கி, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் உறுத்தப்படுவதால் தோள்பட்டை நுனியில் வலி எடுக்கும். தலை சுற்றும், மயக்கம் வரும். அப்போது விடியும்வரை காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும். முன்னரே கண்டறிந்தால் சிலருக்கு, கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெதோட்ரெக்சேட் ஊசியோடு அறுவையின்றியே முடிந்துவிடும்.

மருந்துக்கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி, ஸ்கேன் எடுக்காமலே விழுங்குவதும் இதனால்தான் ஆபத்தானது. கருக்குழாயில் உள்ள கருவை அந்த மாத்திரை கலைக்காது; ஆயினும் உதிரப்போக்கு ஏற்படும், கரு கலைந்துவிட்டதாக அந்தப் பெண் நம்பிவிடுவார். குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்களும் காப்பர்-டி பொருத்தியவர்களும் தமக்குக் கரு தங்க வாய்ப்பே இல்லை என்று இருந்துவிடுகிறார்கள். வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனால் அப்படித் தங்கும் கரு கருக்குழாயில் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

ஸ்கேனை மிக முன்னதாக எடுத்துப் பதறுவதும் உண்டு. ஐந்தாம் வாரத்துக்கு முன் கருப்பை வெறுமையாகத் தெரிவது இயல்பு. ஐயம் இருந்தால், 48 மணி நேர இடைவெளியில் இருமுறை இரத்தத்தில் எச்.சி.ஜி. அளவைப் பார்ப்பார்கள். வாரக்கணக்கை நாள் தள்ளிய தேதியிலிருந்து சொல்லாமல், கடைசி மாதவிலக்கின் முதல் நாளைச் சொன்னால் மருத்துவருக்கு வேலை எளிது.

திருமணமாகாத பெண் வலியோடு வரும்போது, கர்ப்பம் இருக்குமா என்ற கேள்வியைத் தாயின் முன்னிலையில் கேட்டு, இல்லை என்ற பதிலை அப்படியே எழுதிக்கொள்வது மருத்துவத் தரப்பின் தவறு. தாயை வெளியே அமரச் சொல்லிவிட்டுத் தனியாகக் கேட்பதும், அவள் சம்மதத்தோடு சிறுநீர்ச் சோதனை செய்வதும் சேர்ந்து பத்து நிமிட வேலைதான்.