யு-183ஐ வச்சு ஜெர்மன் சப்மரீனோட சர்வீஸ் ஹிஸ்டரி வாசிக்கிற விதம்

ரெண்டாம் உலக யுத்தத்துல ஜெர்மன் சப்மரீன் நம்ம இலங்கைக்குத் தெக்கால வந்து கப்பல் மூழ்கடிச்சிச்சுனு சொன்னா ஹட்டன்ல பாதிப்பேரு நம்பமாட்டாங்க, 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் கொழும்புல குண்டு போட்டதுதான் எல்லாருக்கும் ஞாபகம். ரெக்கார்ட வாசிக்கத் தெரிஞ்சா இது நீங்களே கண்டுபிடிக்கலாம்.

மொதல்ல நம்பர், அப்புறம் டைப். இலங்கைக்குத் தெக்கால வந்த அந்த ஜெர்மன் சப்மரீன்தான் யு-183, டைப் 9சி/40, தூரம் போற ரகம். அடுத்து நேவி பொறுப்பெடுத்த தேதிய எழுதிக்கோங்க, தண்ணியில எறக்கின தேதி வேற, குழப்பிக்காதீங்க. இதுக்கு அது 1942 ஏப்ரல் 1. அதுக்குப் பிறகு சில மாசம் ட்ரெய்னிங்தான், அந்தக் காலத்துல சண்டையத் தேடாதீங்க.

ஃப்ளொட்டில்லா (அந்த சப்மரீன் சேர்ந்த படைப்பிரிவு) பேர பார்த்து போட் எங்க நின்னுச்சுனு முடிவு பண்றதுதான் பெரிய பிழை. 1943 ஜூலையில பிரான்ஸ் லோரியாங்ல இருந்து கெளம்பி அக்டோபர் கடைசியில மலாயாவுல ஜப்பான்காரன் கையில இருந்த, ஜெர்மன் சப்மரீன்கள் தங்கின பினாங் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த போட், அதுக்கப்புறம் ஐரோப்பா பக்கமே திரும்பிப் போகல, ஆனா பேப்பர்ல ரொம்ப நாளைக்கு லோரியாங் ஃப்ளொட்டில்லாவுலதான் கிடக்கும். அதனால ஒவ்வொரு பயணமும் எந்தத் துறைமுகத்துல ஆரம்பிச்சு எங்க முடிஞ்சிச்சுனு தனியா எழுதுங்க. கேப்டன் மாறின தேதியும் பக்கத்துலயே இருக்கட்டும், இதுல மொதல்ல ஷேஃபர், 1943 கடைசியில இருந்து ஷ்னீவிண்ட்.

இப்ப மூழ்கடிச்ச கப்பல் லிஸ்ட். 1944 பெப்ரவரி 29ல இலங்கைக்குத் தெக்கே பால்மா. மார்ச் 9ல மாலைதீவு அட்டு அட்டோல்ல நின்ன பிரிட்டிஷ் லாயல்டிங்கிற எண்ணெய்க் கப்பல், துறைமுகத்துக்குக் கட்டியிருந்த வலையில இருந்த இடைவெளி வழியா வெளியில இருந்தே டார்பிடோ அடிச்சான், எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். அதே கப்பல 1942ல மடகஸ்கார்ல ஜப்பான்காரனோட குட்டி சப்மரீன் ஒருக்கா மூழ்கடிச்சு, பிறகு தூக்கியெடுத்து ஓட்டினாங்க! யு-183 அடிச்ச பிறகும் மறுபடி மிதக்க வச்சாங்க, கடைசியா 1946லதான் வேணும்னே மூழ்கடிச்சாங்க. அதனால ஒரு லிஸ்ட்ல "மூழ்கினது"னு வரும், இன்னொன்னுல "முழு நட்டம்"னு வரும், கூட்டுத்தொகையும் மாறும், எந்தக் கணக்கு எடுத்தீங்கனு குறிச்சு வைங்க. கப்பலுக்கு போடுற டன், கொழுந்து நிறுக்கிற மாதிரி எடை இல்ல, உள்ள இருக்கிற இடத்தோட அளவு, ஒரு டன்னுன்னா 100 கன அடி.

கடைசி எப்படினு பாக்கும்போது அந்த முடிவ எத வச்சு சொல்றாங்கனு கேளுங்க, ஏன்னா யுத்தம் முடிஞ்ச பிறகு நிறைய போட்டோட முடிவ ஆராய்ச்சிக்காரங்க மாத்தி எழுதியிருக்காங்க. யு-183 விஷயத்துல சந்தேகமில்ல, 1945 ஏப்ரல் 23ல ஜாவா கடல்ல அமெரிக்க சப்மரீன் பெசூகோ அடிச்சு 54 பேர் செத்தாங்க, தப்பின ஒரே ஆள அவங்களே தூக்கியெடுத்தாங்க.

யுத்த காலத்துல இலங்கையில ஜெர்மன்காரங்கள அடைச்சு வச்ச தியத்தலாவ கேம்ப்ல பினாங் சப்மரீன்காரன் அடைபட்டிருந்தான்னு யாராச்சும் சொன்னா இதே மாதிரி தேதிய ஒத்துப் பாருங்க. அங்க இருந்த ஜெர்மன்காரங்கள 1942லயே இந்தியாவுல டேராடூனுக்கு மாத்திட்டாங்க, பினாங் போட் எல்லாம் வர ஆரம்பிச்சதே 1943லதான்.