ரூட் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் கணினியை நிறுத்த அனுமதிப்பது எப்படி?

காரைக்குடி அச்சகம் ஒன்றில் பக்க வடிவமைப்புக்கு லினக்ஸ் கணினி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய் யுபிஎஸ் கூவத் தொடங்கியதும், நிறுத்தும் உரிமை இல்லாத ஊழியர் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தே கணினியை அணைப்பார். திறந்திருந்த கோப்புகள் கெடும். அதற்காக ரூட் (கணினியில் எல்லா அதிகாரமும் கொண்ட நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல்லையே அவரிடம் கொடுப்பது, முகப்புக் கதவைச் சாத்த வருபவரிடம் பெட்டகச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பது போன்றது.

சிஸ்டம்டி (கணினியின் தொடக்கத்தையும் சேவைகளையும் நிர்வகிக்கும் மென்பொருள்) உள்ள லினக்ஸில், கணினியின் முன்னாலேயே அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் கடவுச்சொல் இன்றியே அதை நிறுத்திவிட முடியும். வேறொருவரும் உள்நுழைந்திருந்தாலோ, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் முறை) வழியாக வந்திருந்தாலோதான், யாருக்கு என்ன அனுமதி என்று தீர்மானிக்கும் போல்கிட் என்ற சேவை, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். இந்தத் தடை நியாயமானது. இதைத் தளர்த்துமுன் நன்றாக யோசியுங்கள்.

தளர்த்தியே ஆக வேண்டுமானால், குறிப்பிட்ட கட்டளைகளை மட்டும் ரூட் உரிமையுடன் இயக்க விடும் சுடோ போதும். முதலில் தனிக் குழு ஒன்றை உருவாக்கி, பயனர் கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளையால் ஊழியர்களை அதில் சேர்க்கவும். அப்போது கட்டளையில் பெரிய ‘ஜி’யுடன் சிறிய ‘ஏ’யையும் சேர்த்தே (-aG) இடவேண்டும்; ‘ஏ’ விடுபட்டால் அவர் ஏற்கெனவே இருந்த மற்றத் துணைக் குழுக்களிலிருந்து நீக்கப்படுவார். ஊழியர் வெளியேறி மறுபடி உள்நுழைந்த பிறகே புதிய குழு செல்லுபடியாகும்.

பிறகு சுடோவின் விதிகள் இருக்கும் சுடோயர்ஸ்-டி (/etc/sudoers.d) அடைவில் புதுக் கோப்பு ஒன்றை, சாதாரண எடிட்டரில் அல்லாமல், விசுடோ கட்டளையைக் கொண்டே திறக்கவும். விதியை எழுதிய முறையில் பிழை இருந்தால் சேமிக்கும்போதே அது எச்சரிக்கும். கோப்பின் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. இருந்தால் சுடோ அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஷட்டவுன் கட்டளையின் முழுப் பாதையையும், அதனுடன் வரக்கூடிய விருப்பங்களையும் (ஆப்ஷன்கள்) அப்படியே எழுதுங்கள். வெறும் பாதையை மட்டும் எழுதினால் எந்த விருப்பத்தையும் அனுமதித்ததாகிவிடும். உடனே அணைப்பதற்கு ஒன்று, ஐந்து நிமிடம் கழித்து மறுதொடக்கம் செய்வதற்கு ஒன்று, அதை ரத்து செய்வதற்கு ஒன்று என மூன்றே வடிவங்களை அனுமதிப்பதே என் பரிந்துரை. அந்த ஐந்து நிமிடத்தில் மற்றவர்களின் முனையங்களில் எச்சரிக்கை தெரியும், அவர்களும் வேலையைச் சேமித்துக்கொள்வார்கள். கடவுச்சொல் கேட்காத குறியை (NOPASSWD) இந்த மூன்றுக்கு மட்டும் இடுங்கள். ஊழியரின் கணக்கிலிருந்து ‘சுடோ -எல்’ கொடுத்தால், அவருக்கு என்ன அனுமதி இருக்கிறது என்று பட்டியலாகத் தெரியும்.

லினக்ஸைப் போன்ற மற்றொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் வேலை இதைவிடச் சுருக்கம்: ‘ஆபரேட்டர்’ குழுவில் சேர்த்தாலே ஷட்டவுன் இயங்கும். ஆனால் அக்குழுவினர் வட்டுச் சாதனங்களை நேரடியாகப் படிக்கவும் முடியும் என்பதால், ரகசியக் கணக்கு வழக்குகள் உள்ள கணினியில் அங்கும் சுடோவே நல்லது.