இணையக் கலைக்களஞ்சியத்துக்குச் சந்தா கட்டும் முன் பள்ளியும் நூலகமும் செய்து பார்க்க வேண்டியவை

விற்பனைப் பிரதிநிதி திறந்து காட்டும்போது எந்த இணையக் கலைக்களஞ்சியமும் குறை சொல்ல முடியாதபடிதான் இருக்கும். அவர் தேடுவது புலி, சூரியக் குடும்பம், இரண்டாம் உலகப் போர். உங்கள் பிள்ளைகள் தேடப்போவதோ கீழடி, அமில மழை, கிராம சபை, பாடத்தின் முடிவில் கொடுத்திருக்கும் செயல்திட்டம். ஆகவே அந்த அரை மணி நேரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். 30 நாள் சோதனைக் கணக்கு கேளுங்கள். பிரிட்டானிகா ஸ்கூல், வேர்ல்ட் புக் ஆன்லைன் போன்ற சேவைகளிடம் கேட்டால் பொதுவாகக் கிடைக்கும்.

எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். ஜூன் தொடக்கம் சேர்க்கை வேலையில் போய்விடும். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச் வந்தால் பொதுத்தேர்வு. ஜூலை–ஆகஸ்டு அல்லது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை வைத்துக்கொண்டால்தான் பிள்ளைகள் உண்மையிலேயே பயன்படுத்துவார்கள்.

இலவசமாகக் கிடைப்பதை முதலில் கணக்கிடுங்கள்

2003 முதல் தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது. பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் படிக்கலாம். வரலாறு, இலக்கியம், மரபுத் தொழில்கள் ஆகியவற்றுக்கு அது இன்றும் உதவும். அறிவியலுக்கும் புவியியலுக்கும் அதை நம்பக் கூடாது. இணைய வேகம் குறைந்த பள்ளியில் கிவிக்ஸ் மென்பொருளைப் போட்டால் விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமலேயே படிக்க வைக்கலாம். பிரிட்டானிகாவின் பொதுத்தளத்திலும் நிறையக் கட்டுரைகள் விளம்பரங்களோடு இலவசமாகவே கிடைக்கின்றன.

அப்படியானால் பணம் எதற்கு? "எங்களிடம் பிழையே இருக்காது" என்ற பேச்சுக்காக அல்ல. 2005இல் நேச்சர் இதழ் அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டபோது ஒரு கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகளும் பிரிட்டானிகாவில் மூன்று பிழைகளும் இருந்தன. அந்த ஆய்வு முறையைப் பிரிட்டானிகா கடுமையாக மறுத்தது என்றாலும், எந்தக் கலைக்களஞ்சியமும் பிழைக்கு அப்பாற்பட்டது இல்லை. நீங்கள் பணம் கொடுப்பது வயதுக்கேற்ற வாசிப்பு நிலைகள், விளம்பரம் இல்லாத பக்கங்கள், பொறுப்பேற்கும் ஆசிரியர் குழு, வகுப்பில் பயன்படுத்த உரிமை தெளிவான படங்கள் ஆகியவற்றுக்கு. இந்த நான்கில் உங்களுக்கு எது தேவை என்று எழுதி வைத்துக்கொண்டு, அதைச் சோதியுங்கள். நான்கும் தேவையில்லை என்றால் அந்தப் பணத்துக்கு அச்சுப் புத்தகம் வாங்குவது நல்லது.

30 கேள்விகள்

ஆசிரியர்களிடம் கேட்டு 30 கேள்விகள் தயாரியுங்கள். பாதி பாடப்புத்தகத்திலிருந்து, ஐந்தாறு உள்ளூர் விஷயங்கள், ஐந்தாறு அண்மைக் கால மாற்றங்கள், மீதி கருத்து வேறுபாடு உள்ள தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம். தேடுவது மாணவராக இருக்க வேண்டும், நூலகர் அல்ல. எங்கே எப்படித் தேட வேண்டும் என்பது நூலகருக்குத் தெரியும். அதனாலேயே குறைகள் அவர் கண்ணில் படாது.

புதுப்பிப்பைச் சோதிக்க நல்ல கேள்விகள்: இந்தியாவில் எத்தனை மாநிலங்கள், எத்தனை யூனியன் பிரதேசங்கள்? (2020 ஜனவரி 26 முதல் 28, 8.) தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்? (38.) கிலோகிராமுக்கு இப்போதைய வரையறை என்ன? (2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியை வைத்து, பாரிசுக்கு அருகே வைத்திருக்கும் உலோக உருளையை வைத்து அல்ல.) சந்திரயான்-3 எப்போது தரையிறங்கியது? (2023 ஆகஸ்டு 23.) கட்டுரையை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். கட்டுரையைத் திருத்தியவர்கள் பக்கத்தில் இருக்கும் வரைபடத்தையும் அட்டவணையையும் வினாடிவினாவையும் விட்டுவிடுவது உண்டு. 'கடைசியாகப் புதுப்பித்த நாள்' என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு இணைப்பைச் சேர்த்தாலே அந்த நாள் மாறிவிடலாம். என்ன மாறியது என்று காட்டும் திருத்த வரலாறு இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டானிகாவில் அது உண்டு.

தேடுபெட்டியைத் தனியாகச் சோதியுங்கள். தஞ்சாவூர் என்பதை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுவார்கள், திருவள்ளுவரையும் அப்படித்தான். கீழடிக்கு மூன்று எழுத்துக்கூட்டலாவது புழக்கத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் அடித்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கட்டுரை வந்து மற்றவற்றில் 'முடிவுகள் இல்லை' என்று வந்தால், உங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தக் கட்டுரையைப் பார்க்கவே மாட்டார்கள்.

வாசிப்பு நிலைக்கு, நீர்ச் சுழற்சி போன்ற ஒரே தலைப்பைத் தொடக்க, நடு, உயர் என்ற மூன்று நிலைகளிலும் திறந்து, அந்தந்த வகுப்புப் பிள்ளை ஒருவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். சுமார் 100 சொற்களில் ஐந்துக்கு மேல் தெரியாத சொல் வந்தால் அந்த நிலை அவருக்குக் கடினம். தமிழ்வழிப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தொடக்க நிலைப் பக்கம்தான் பொருந்தும் என்று தெரியவரலாம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பாடத்துக்குப் போதுமான தகவல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் இருக்காது.

மொழிபெயர்ப்புப் பொத்தான்

'தமிழிலும் கிடைக்கும்' என்று சொன்னால், அது தமிழில் எழுதிய கட்டுரையா, இயந்திர மொழிபெயர்ப்பா என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உந்தம், நிலைமம், திறன், காரம், மோல், மின்னூட்டம் ஆகிய ஆறையும் ஒப்பிடுங்கள். திறன் 'சக்தி' ஆகியிருக்கும். காரம் 'அடிப்படை' ஆகியிருக்கும். அதைப் படித்த பிள்ளை தேர்வில் அதையே எழுதும். ஆறில் இரண்டு தவறினாலும் தமிழ் வசதிக்கு மதிப்பெண் பூஜ்யம் போட்டுவிட்டு, ஆங்கிலச் சேவையாக மட்டும் மதிப்பிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர் இருந்தால், தவறான அனுமானம் உள்ள கேள்வி ஒன்றைக் கேளுங்கள்: "ஹாக்கியை இந்தியாவின் தேசிய விளையாட்டாக எந்த ஆண்டு அறிவித்தார்கள்?" அப்படி எந்த விளையாட்டையும் அறிவிக்கவில்லை என்று 2012இல் ஒன்றிய விளையாட்டு அமைச்சகமே சொல்லிவிட்டது. உதவியாளர் ஒரு ஆண்டைச் சொன்னால், நிர்வாகக் கணக்கிலிருந்து அதை முடக்க முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

உள்ளே நுழைவதில்தான் பெரும்பாலும் சிக்கும்

கட்டுரைத் தரத்தைவிட நுழைவுச் சிக்கலால்தான் பல சந்தாக்கள் வீணாகின்றன. பள்ளியின் ஐ.பி. முகவரியை (இணைய இணைப்பை வெளியில் அடையாளம் காட்டும் எண்) பதிவு செய்தால் கடவுச்சொல் இல்லாமலே திறக்கும் என்பார்கள். நிலையான முகவரிக்குத் தனியாகப் பணம் கட்டாத சாதாரண பிராட்பேண்டில் அது மாறிக்கொண்டே இருக்கும். மூன்று நாள் காலையும் மாலையும், ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகும், உங்கள் பொது முகவரியை, அதாவது வெளித்தளங்களுக்குத் தெரியும் ஐ.பி. எண்ணை, குறித்து வையுங்கள். மாறினால் ஐ.பி. வழி உங்களுக்கு உதவாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கம் காட்டும் வெளிமுகவரி (WAN IP) 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், வேறு வாடிக்கையாளர்களும் உங்கள் பொது முகவரியையே பயன்படுத்துகிறார்கள் என்று பொருள். அதைப் பதிவு செய்தால் முன்பின் தெரியாதவர்களுக்கும் உங்கள் சந்தா திறக்கும். நிறுவனம் சந்தேகப்பட்டு முடக்கவும் செய்யும்.

அந்த நிலையில் பள்ளி முழுவதற்கும் ஒரே பயனர்பெயர், கடவுச்சொல் என்பதே எளிய வழி. மாணவருக்குத் தனிக்கணக்கு தேவை என்று நிறுவனம் சொன்னால் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் எதையெல்லாம் கேட்கிறது என்று பாருங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவர் குழந்தைதான், அதனால் இதில் கவனம் தேவை. பொது நூலகம் என்றால், உறுப்பினர் அல்லாமல் நேரில் வந்து உட்காரும் வாசகருக்கும் அனுமதி உண்டா, உறுப்பினர் வீட்டிலிருந்து அட்டை எண்ணைக் கொண்டு நுழையலாமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு கணினி ஆய்வகத்தில் இருக்கும் எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் ஒரு காணொளியை ஓட்டுங்கள். எழுத்து வந்து படங்கள் மட்டும் வெள்ளைக் கட்டமாக நின்றால் இணைய வேகத்தைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் படங்கள் வேறொரு இணைய முகவரியிலிருந்து வரும், தளங்களைத் தடுக்க உங்கள் பள்ளி வைத்திருக்கும் இணைய வடிகட்டி அதைத் தடுத்திருக்கும். அனுமதிக்க வேண்டிய முகவரிகளின் பட்டியலை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். பார்வைக் குறைபாடுள்ள மாணவர் இருந்தால் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருளைப் போட்டு, விசைப்பலகையை மட்டும் கொண்டு ஒரு கட்டுரையை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க முடிகிறதா என்று பார்க்கவும்.

எண்ணிக்கையும் ஒப்பந்தமும்

சோதனை முடிவில் பயன்பாட்டு அறிக்கை வரும். 'ஹிட்', 'பக்கப் பார்வை' என்றெல்லாம் பெரிய எண் காட்டினால் ஒதுக்கிவிடுங்கள். இணைய வளங்களின் பயன்பாட்டை எண்ணுவதற்கான பன்னாட்டு விதிமுறையான கவுன்ட்டர் (COUNTER) தரப்படி எத்தனை கட்டுரைகள் திறக்கப்பட்டன என்று கேளுங்கள். அதில் 30 நொடிக்குள் இருமுறை தட்டினாலும் ஒன்றாகவே கணக்கு. உதாரணமாக, ஆண்டுச் சந்தா 60,000 ரூபாய், எதிர்பார்க்கும் திறப்புகள் 8,000 என்றால் ஒன்றுக்கு 7.50 ரூபாய். அதில் 5,600, ஆய்வக வகுப்பில் ஆசிரியர் சொல்லித் திறந்தவை என்று நேரவாரி அறிக்கை காட்டினால், பிள்ளைகள் தாமாகத் தேடி வந்தது 2,400தான். ஒன்றுக்கு 25 ரூபாய். நீங்கள் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை.

மாணவர் எண்ணிக்கையை வைத்து விலை சொன்னால் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளைக் கழித்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா? ரூபாயா, டாலரா? ஆண்டு விலை உயர்வுக்கு உச்சவரம்பு உண்டா? சந்தாவைத் தானாகப் புதுப்பிக்கும் விதி இருந்தால் நீக்கிவிடச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். சந்தா நின்ற அன்றே எல்லாம் மூடிவிடும், அச்சுத் தொகுதிபோல அலமாரியில் எதுவும் மிஞ்சாது. அதனால் ஆசிரியர்கள் சேமித்த பாடத் தொகுப்புகளைப் பதிவிறக்கி எடுத்துக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தொடக்க நாளை ஜூன் 1 என்று போடச் சொல்லுங்கள். ஏப்ரலில் தொடங்கினால் கோடை விடுமுறைக்கும் சேர்த்துப் பணம் கட்டியதாகும்.