செய்தித்தாளில் காத்தாடி: ஒட்டுவது முதல் ஏற்றுவது வரை

லீவு விட்டதும் மால், தீம் பார்க் என்று ஆரம்பித்தால் மே பாதியிலேயே பர்ஸ் இளைத்துவிடும். எங்கள் வீட்டில் கோடைச் சாயங்காலங்களுக்குக் காத்தாடிதான். பகலெல்லாம் உட்கார்ந்து ஒட்டலாம், வெயில் தாழ்ந்ததும் பெசன்ட் நகர் பீச்சுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆறேழு வயதுப் பிள்ளைகூடப் பாதி வேலையைச் செய்துவிடும்.

சாமான்கள்

செய்தித்தாள், தென்னந்துடைப்பத்தில் உருவிய ஈர்க்குச்சி மூன்று, நூல், மைதாப் பசை, சின்னச் சாவி வளையம் ஒன்று, வாலுக்குப் பழைய துப்பட்டாவோ வேட்டியோ. பசை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பாட்டிலில் வரும் வெள்ளைப் பசை செய்தித்தாளை ஊறவைத்துச் சுருக்கிவிடுகிறது. மைதாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் கெட்டியாகக் கிண்டினால் ஐந்து நிமிஷத்தில் நல்ல பசை. சார்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம், கனம்.

நூல் சாதாரணப் பருத்தி நூல்தான், தையல் கடையில் கெட்டியான பத்தாம் நம்பர் கேளுங்கள். மாஞ்சா பக்கமே போகாதீர்கள். நைலான் மாஞ்சாவைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுக்கத் தடை செய்தது. பைக்கில் போகிறவர் கழுத்தை அறுக்கும் சமாச்சாரம் அது, பிள்ளை கையில் எதற்கு?

தாளும் குச்சியும்

விரித்த முழுத்தாளில் 40 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். மூலைக்கு மூலை கிட்டத்தட்ட 57 செ.மீ. வரும். ஒரு ஈர்க்கை அந்த அளவுக்கு நறுக்கி மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஒட்டினால் நடுக்குச்சி தயார். அதன்மேல் காகிதப் பட்டை ஒட்டிவிடுங்கள். இதைப் பிள்ளைகளே செய்யட்டும்.

குறுக்கே வளைத்து ஒட்டும் குச்சிதான் வில். அதற்கு 66 செ.மீ. வேண்டும். ஈர்க்கு ஒரு முனையில் தடிமனாகவும் மறுமுனையில் மெலிசாகவும் இருக்கும். ஒற்றை ஈர்க்கை வளைத்தால் மெலிந்த பக்கம் கூடுதலாக வளையும், காத்தாடி எப்போதும் ஒரே பக்கம் சாயும். அதனால் இரண்டு ஈர்க்கை எடுத்து, ஒன்றின் அடியும் மற்றதன் நுனியும் சேரும்படி தலைமாற்றி வைத்து, நாலைந்து இடத்தில் நூலால் கட்டுங்கள். இனி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையும். வில்லின் முனைகளை இடது, வலது மூலைகளில் மடித்து ஒட்டுங்கள். வளைவின் உச்சி, மேல் மூலையிலிருந்து 14 செ.மீ. கீழே நடுக்குச்சியைத் தொட வேண்டும். தொடும் இடத்தில் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டு மின்விசிறி இல்லாத அறையில் காயவிடுங்கள்.

சூத்திரம்

பறக்கவிடும் நூலைக் காத்தாடியோடு இணைக்கும் நூல்கட்டுதான் சூத்திரம். இங்கே அவசரப்படக் கூடாது. காத்தாடி ஏறுமா, குப்புற விழுமா என்பது இந்த முடிச்சில்தான் இருக்கிறது. எங்களை அதிகம் திணறடித்ததும் இதுதான்.

குச்சி ஒட்டாத பக்கம்தான் நம்மைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் காற்று தாளைக் குச்சியோடு சேர்த்து அழுத்தும். வில்லும் நடுக்குச்சியும் சேரும் இடத்தில், குறுக்காக இரண்டு சின்னத் துளை போட்டு, நூலை இரண்டு குச்சியையும் சுற்றிவரும்படி கோத்து முடியுங்கள். கீழ் மூலையிலிருந்து 14 செ.மீ. மேலே, நடுக்குச்சியின் இருபுறமும் துளை போட்டு நூலின் மறுமுனையை அங்கே கட்டுங்கள். இரண்டு முடிச்சுக்கும் நடுவே சுமார் 60 செ.மீ. நூல் தொங்கும்.

பலர் இந்த நூலின் நடுவில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு, பறக்கவிடும் நூலை அதில் கட்டிவிடுகிறார்கள். பீச்சுக்குப் போன பிறகு மாற்ற முடியாது. முடிச்சுக்குப் பதில் சாவி வளையம் போடுங்கள். தொங்கும் நூலை மடித்து வளையத்துக்குள் நுழைத்து, அந்த மடிப்பு வழியாகவே வளையத்தை வெளியே எடுத்து இழுத்தால் சுருக்கு விழும். தளர்த்தினால் நகரும், இழுத்தால் பிடிக்கும். முதலில் மேல்பக்க நூல் கீழ்பக்க நூலைவிட ஒன்றரை செ.மீ. குட்டையாக இருக்கட்டும்.

ஏற்றும்போது காத்தாடி நின்ற இடத்திலேயே சக்கரம் அடித்தாலோ, இழுவை மட்டும் பலமாக இருந்து மேலே ஏறாவிட்டாலோ மேல் நூலை இன்னும் குறையுங்கள். துவண்டு படபடத்து, தலை கவிழ்ந்து விழுந்தால் மேல் நூலைக் கூட்டுங்கள். ஒரு தடவைக்கு அரை செ.மீ. போதும், அதற்கு மேல் நகர்த்தினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

வாலுக்கு விரல் அகலத் துணி, இரண்டு மீட்டர். வால் இல்லாமல் விடுவது கைதேர்ந்தவர்கள் வேலை.

ஏற்றுவது

சென்னையில் மே மாதம் கடற்காற்று வழக்கமாக மதியவாக்கில் உள்ளே வரும். அதற்காக அப்போதே கிளம்பாதீர்கள், மணலில் கால் வைக்க முடியாது. ஐந்தேகாலுக்குப் போனால் சரியாக இருக்கும். காற்று கடலிலிருந்து வருவதால் காத்தாடி ஊர்ப்பக்கம் ஏறும், நாம் மேற்கைப் பார்த்து நிற்போம். நாலரைக்குப் போனால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். என் மகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எங்கப்பா இருக்கு காத்தாடி?" என்று கேட்டுக்கொண்டே நூல் விட்டாள். ஐந்தே முக்கால் வாக்கில் வெயில் கட்டிடங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும். சூரியன் மறைய 6.30 ஆகும், நேரம் தாராளம்.

கடலுக்கு முதுகு காட்டி, அலைக்கு நன்றாகத் தள்ளி நில்லுங்கள். ஒருவர் காத்தாடியைப் பத்து மீட்டர் தள்ளி ஊர்ப்பக்கம் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். காற்று அவர் முகத்தில் தொடர்ச்சியாகப் படும்போது அவர் கையை விட, நீங்கள் நூலை இழுக்க வேண்டும். ஓட வேண்டியதில்லை. ஓடினால்தான் ஏறுகிறது என்றால் சூத்திரம் சரியில்லை என்று அர்த்தம். நூலைச் சுற்ற காலி பவுடர் டப்பா அருமையாக இருக்கும்.

காற்று விழுந்தால் சுண்டல் வாங்கிக்கொண்டு ஷ்மிட் நினைவிடம் வரை நடக்கலாம். 1930-இல் பிறரைக் காப்பாற்றப் போய்க் கடலில் உயிர்விட்ட டேனிஷ்காரருக்குக் கட்டியது. "அலைக்குள்ளே போகாதே" என்று நான் நாள்முழுக்கச் சொல்வதைவிட அந்தக் கதை வேலை செய்கிறது.

பிறகு சேர்த்தது

மொட்டை மாடியில் விடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கைப்பிடிச் சுவரும் மின்கம்பியும் இருக்கிற இடத்தில், அண்ணாந்தபடி பின்னால் நடக்கிற பிள்ளையோடு நான் போகமாட்டேன். கம்பியில் சிக்கினால் நூலை இழுக்காமல் விட்டுவிடுங்கள்.

கோவையிலிருந்து ஒருவர், தாள் கிழிந்துகொண்டே இருக்கிறது என்று எழுதியிருந்தார். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றுக்குச் செய்தித்தாள் தாங்காது. தாளின் ஓரம் முழுக்க நூல் வைத்து மடித்து ஒட்டி, வாலை இரட்டிப்பாக்கி, மேல் நூலை இன்னும் கொஞ்சம் குறைத்துப் பார்க்கச் சொன்னேன். ஓரம் மடிக்க வேண்டும் என்றால் சதுரத்தை 42 செ.மீ.யாக வெட்டிக்கொள்ளுங்கள்.