மிதக்கும் இலை வட்டுகள்: ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடின் பங்கை அளக்க

வட்டுகள் வெட்டப் பாலக்கீரையே நல்லது. ஏற்காட்டில் எளிதாகக் கிடைக்கும் காப்பி இலை வேண்டாம். அதன் மெழுகுப் பூச்சைத் தாண்டிக் கரைசல் உள்ளே ஏறாது.

கார்பன் டை ஆக்சைடு தரும் ஆப்பசோடாவை (சோடியம் பைகார்பனேட்) லிட்டருக்கு 0, 1, 2, 5 கிராம் எனக் கரையுங்கள். வாலை வடிநீர் அவசியம். சேலத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் ஏற்கெனவே இருப்பதால் 0 கிராம் குவளை பூஜ்யமாக இருக்காது. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். நுரை வந்தால் அதிகம்.

நரம்பைத் தவிர்த்து, பஞ்சிங் கருவியால் குவளைக்கு 10 வட்டுகள் வெட்டுங்கள். ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சில் வட்டுகளையும் அந்தந்தக் கரைசலையும் இட்டு, காற்றை வெளியேற்றி, முனையை விரலால் அடைத்து, தண்டை இழுத்து 10 விநாடி பிடியுங்கள். வட்டுகள் மூழ்கும்வரை இரண்டு மூன்று முறை செய்யலாம். அதற்குமேல் இழுத்தால் திசு சிதையும்.

குவளைகளில் ஒரே உயரத்துக்குக் கரைசல் ஊற்றி, எல்.இ.டி. விளக்கை ஒரே தூரத்தில் வையுங்கள். குண்டு பல்பு நீரைச் சூடாக்கிக் கணக்கைக் கெடுக்கும். ஒளிச்சேர்க்கையில் வரும் ஆக்சிஜன் குமிழ்கள் மூழ்கிய வட்டுகளை மேலே தூக்கும். நிமிடத்துக்கொரு முறை மிதப்பவற்றை எண்ணி, ஐந்து வட்டுகள் எழும் நேரத்தைக் குறியுங்கள். 1-ஐ அதனால் வகுத்தால் வேகத்தின் ஒப்பளவு.

ஏற்காட்டு அளவைச் சேலத்து அளவோடு ஒப்பிடாதீர்கள். மலையில் காற்றழுத்தம் குறைவு, அதே ஆக்சிஜன் பெரிய குமிழாகி வட்டைச் சீக்கிரம் தூக்கும். குளிரோ ஒளிச்சேர்க்கையைத் தாமதப்படுத்தும்.