இட்லி, தோசை, உப்புமா இறங்காதவர்களுக்குக் காலைச் சாப்பாடு: ராத்திரியே பாதி வேலையை முடித்து வைப்போம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இட்லி பிடிக்காது. தோசை பரவாயில்லை ரகம், உப்புமா தட்டில் விழுந்தாலே பசி போய்விடும். வீட்டில் ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போ என்று கெஞ்சுவார்கள், நான் ஒரு டம்ளர் காபியோடு கிளம்பிவிடுவேன், பதினொரு மணிக்குத் தலை வலிக்கும். வேலைக்குப் போன பிறகும் பல வருடம் அதே காபி, அதே தலைவலி, நடுவில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அடுப்பு மேடையில் முந்தின நாள் மீன்குழம்பு இருந்தது. கொஞ்சம் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போனேன். மதியம் ஒன்றரை மணி வரை பசியே தெரியவில்லை. காலையில் எனக்கும் பசிக்கத்தான் செய்திருக்கிறது, டிபன் என்று எதை வைத்தாலும் அதுதான் தொண்டையில் இறங்கவில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. மதியம் ஆசையாகச் சாப்பிடுவதைக் காலையில் கொஞ்சமாகச் சாப்பிட்டால் என்ன? வியட்நாமில் காலையில்தான் சூடாக ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப் குடிக்கிறார்கள். ஜப்பானில் பாரம்பரியக் காலைச் சாப்பாடே சோறு, மீன், மிசோ சூப். நம் ஊரிலும் வயல் வேலைக்குப் போனவர்கள் பழையதும் கூழும் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

உங்களுக்கும் டிபன் இறங்காது என்றால் கீழே இருக்கிற நாலில் ஒன்றாவது ஒத்துவரும். சமையலே தெரியாதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், அதனால் சின்னச் சின்ன விஷயத்தையும் விடாமல் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு இட்லியில் புரதம் சுமார் 2 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். 50 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையை வேகவைத்தால் 9, 10 கிராம் கிடைக்கும். காலையில் எதைச் சாப்பிட்டாலும் அதில் முட்டை, பயறு, கடலை, தயிர், மீன் இவற்றில் ஒன்று இருக்கட்டும், மதியம் வரை வயிறு தாங்கும்.

1. முட்டைப் பொடிமாஸ் (8 நிமிடம்)

புதிதாகச் சமைக்கிறவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள். ஒரு ஆளுக்கு 3 முட்டை, 10 சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், ஒரு கொத்து கறிவேப்பிலை, ஒன்றரை தேக்கரண்டி எண்ணெய், கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள்.

ராத்திரி: வெங்காயத்தை உரித்து நறுக்கி மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் வெங்காயம் உரிக்கச் சோம்பல்பட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் சமைக்காமலே கிளம்புகிறோம்.

காலை:

- வாணலியை நடுத்தரத் தீயில் வைத்து எண்ணெய் விடுங்கள். காய்ந்ததும் கறிவேப்பிலை, மிளகாய், வெங்காயம்.
- உப்பை இப்போதே போடுங்கள். வெங்காயம் தண்ணீர் விட்டுச் சீக்கிரம் வதங்கும். கண்ணாடி மாதிரி ஆக 3 நிமிடம் போதும்.
- முட்டையை நேராக வாணலியில் உடைத்து ஊற்றி, 20 நொடி கரண்டியைத் தொடாமல் இருங்கள். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஊற்றியதும் கிளறினால் முட்டை பொடிப்பொடியாகி ரப்பர் போல ஆகிவிடும்.
- அடியிலிருந்து கரண்டியால் வழித்துத் திருப்புங்கள். ஒரு நிமிடம் இப்படியே வழித்து, ஈரம் லேசாகப் பளபளக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். மீதியை வாணலியின் சூடு பார்த்துக்கொள்ளும்.
- அணைத்த பிறகு மிளகுத்தூள். முன்னாலேயே போட்டால் வாசனை பாதி காற்றில் போய்விடும்.

அப்படியே சாப்பிடலாம். ஃபிரிட்ஜில் முந்தின நாள் சோறு இருந்தால் ஒரு கரண்டி எடுத்து, வெங்காயம் வதங்கியதும் போட்டு, ஆவி பறக்கிற அளவுக்கு நன்றாகச் சூடாக்கிவிட்டு முட்டையை ஊற்றுங்கள்.

2. சுண்டல் (காலையில் 5 நிமிடம்)

சுண்டல் என்றால் நவராத்திரி, சாயங்காலம், கடற்கரை என்று நமக்குப் பழகிவிட்டது. காலையில் சாப்பிட்டுப் பாருங்கள். கறுப்புக் கொண்டைக்கடலைதான் என் தேர்வு, வெள்ளையை விட மென்று சாப்பிட நன்றாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டம்ளர் கடலையைக் கழுவி, மூன்று மடங்கு தண்ணீரில் ஊறப்போடுங்கள். ராத்திரிக்குள் இரண்டு மடங்காக ஊதியிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில் போட்டு, கடலைக்கு மேல் ஒரு விரற்கடை நிற்கிற மாதிரி புதுத் தண்ணீர் ஊற்றி, அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு 5 விசில். பிரஷர் தானாக அடங்கும் வரை மூடியைத் தொடாதீர்கள். ஒரு கடலையை எடுத்து விரலால் நசுக்கினால் மாவாக நசுங்க வேண்டும், நடுவில் கெட்டியாக இருந்தால் இன்னும் 2 விசில். கடையில் ரொம்ப நாள் கிடந்த பழைய கடலை எத்தனை விசில் விட்டாலும் வேகாது, அது உங்கள் தப்பு இல்லை, அடுத்த முறை கடையை மாற்றுங்கள்.

ஆறியதும் வடித்து டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாளைக்கு வரும். காலையில் ஒரு கிண்ணம் எடுத்து, கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் புரட்டி, தேங்காய்த் துருவலும் மாங்காய்த் துண்டும் தூவினால் முடிந்தது. மாங்காய் இல்லாத மாதங்களில் எலுமிச்சை பிழியுங்கள். ஊறப்போட மறந்த நாளில் பச்சைப் பயறு கை கொடுக்கும், ஊறாமலே 4 விசிலில் வெந்துவிடும்.

3. பழைய சோறு (காலையில் 3 நிமிடம்)

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் எளிதாகத் தெரிகிற இதில்தான் புதியவர்கள் தப்புச் செய்து, ஒரு தடவை கெட்ட வாடை வந்ததும் விட்டுவிடுகிறார்கள். ஒடிசாவில் இதே வகைச் சாப்பாட்டைப் பகாளா என்கிறார்கள், மார்ச் 20ஆம் தேதியை அதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்கள். வங்காளத்தில் பாந்தா பாத், கேரளத்தில் பழங்கஞ்சி. வெயில் காயும் நெல் ஊர்கள் பலவற்றில் இது இருக்கிறது.

அரிசி: புழுங்கலரிசிதான். பச்சரிசி காலையில் குழைந்து போய்விடும். கைக்குத்தல் கிடைத்தால் இன்னும் நல்லது.

- ராத்திரிச் சாப்பாட்டுக்கு வடிக்கும்போதே அரை டம்ளர் அரிசி கூடப் போடுங்கள். குழைய விடாமல், பருக்கை பருக்கையாக வடியுங்கள்.
- எடுத்து வைக்கிற சோற்றை ஒரு தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். அரை மணி நேரம், அதிகம் போனால் ஒரு மணி நேரம். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் சோறு கொழகொழவென்று ஆகிவிடும்.
- மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ போட்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை, சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி ஊற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அதற்குப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது.
- முதல் தடவை செய்கிறீர்கள் என்றால் ஒரு தேக்கரண்டி மோர் விடுங்கள். தயிரைப் புளிக்க வைக்கிற நுண்ணுயிர்களின் சொந்தக்காரர்கள்தான் இங்கேயும் வேலை செய்கின்றன, மோர் அவற்றுக்கு ஒரு தொடக்கம்.
- தட்டுப் போட்டு மூடி, அடுப்பு மேடையில் வையுங்கள். வெயில் காலத்தில் 8 மணி நேரம், மார்கழிக் குளிரில் 10, 12 கூட ஆகும். ஏசி ஓடுகிற அறையில் வைத்தால் புளிக்காமல் சும்மா ஊறிக்கிடக்கும்.

காலையில் மூடியைத் திறந்ததும் முதலில் மூக்கால் பாருங்கள். மோரின் புளிப்பு வாசம் வர வேண்டும். தண்ணீர் லேசாக மங்கி, ஓரத்தில் ஊசிமுனை அளவு குமிழிகள் நிற்கும், பருக்கையை அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கும். நூல் விட்டாலோ, நிறம் மாறியிருந்தாலோ, மூக்கைச் சுளிக்க வைத்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று முக்கியம். வடித்த சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் மணிக்கணக்கில் வெளியே கிடக்க விடாதீர்கள். பேசில்லஸ் செரியஸ் என்கிற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது, வெதுவெதுப்பான சோற்றில் முளைத்துப் பெருகும், அது விடுகிற நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சீக்கிரம் ஆறவைத்து உடனே தண்ணீர் ஊற்றச் சொல்வது இதற்காகத்தான். கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சரி, சாப்பிடுகிற முறை. நீராகாரத்தில் பாதியைத் தனி டம்ளரில் வடித்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டு வையுங்கள். சட்டியில் இருக்கிற சோற்றைக் கையால் பிசைந்து, உப்பு, அரைக் கிண்ணம் கெட்டித் தயிர். பக்கத்தில் உரித்த சின்ன வெங்காயம் ஐந்தாறு. வெங்காயத்தை நறுக்க வேண்டாம், ஒரு வாய்ச் சோற்றுக்கு ஒரு கடி என்று கடித்துச் சாப்பிட்டால்தான் அந்தக் காரமும் புளிப்பும் சேரும். மோர் மிளகாய் ராத்திரியே வறுத்து வைத்துவிடுங்கள். சோறும் தயிரும் மட்டும் என்றால் எனக்குப் பத்தரைக்குப் பசித்துவிடும், அதனால் வேர்க்கடலைத் துவையலோ, வறுத்த நெத்திலிக் கருவாடோ, மீதமான மீன்குழம்போ கட்டாயம் வைத்துக்கொள்வேன். சர்க்கரை நோய் இருக்கிறவர்களுக்கு இதைவிடச் சுண்டல் நல்லது.

4. ஒன்றுமே தயார் செய்யாத நாளில்

ஒரு கிண்ணம் கெட்டி அவலை இரண்டு முறை கழுவி, அது நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து 10 நிமிடம் மூடி வையுங்கள், அதற்குள் குளித்துவிட்டு வந்துவிடலாம். மெல்லிய அவல் என்றால் 2 நிமிடமே அதிகம். ஒரு கிண்ணம் தயிர், உப்பு, நறுக்கிய வெள்ளரிக்காய், இஞ்சி, கொத்துமல்லி, மேலே ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. அடுப்பே வேண்டாம், ஹாஸ்டலில் இருக்கிறவர்களுக்கு இதுதான் சரி. வேர்க்கடலையைக் குறைக்காதீர்கள், வயிற்றைத் தாங்குவது அதுவும் தயிரும்தான்.

நாலையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். காலையில் சாப்பிட்டே பழகாதவர்களுக்கு முதல் நாலைந்து நாள் வயிறு கனமாகத் தெரியும், அதனால் பாதி அளவில் தொடங்குங்கள், கூடவே முந்தின ராத்திரிச் சாப்பாட்டை எட்டரைக்குள் முடித்துப் பாருங்கள், காலையில் பசி தானாக வரும். இன்றைக்கு வேறு எதுவும் செய்ய முடியாவிட்டாலும், படுக்கப் போவதற்கு முன்னால் பத்துச் சின்ன வெங்காயத்தை உரித்து டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுங்கள்.