வீட்டுப் பட்டறைக்கு வெல்டிங் ஹெல்மெட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் தூக்கிக்கொண்டு போகும் அளவுக்கு இன்வெர்டர் வெல்டிங் மெஷின் சின்னதாகி, வீட்டு சிங்கிள் பேஸ் கரண்டிலேயே ஓட ஆரம்பித்த பிறகு, வெல்டிங் வேலை பட்டறையை விட்டு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வருகிறவர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக் கொட்டகைக்குக் கதவு அடிக்கிறார். பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர் புழு மனைக்கு வேண்டிய ஸ்டாண்டைத் தானே செய்துகொள்கிறார். மாந்தோப்பு கேட், டிரெய்லர் பட்டை, மோட்டார் ரூம் கதவு என்று தோட்டத்தில் எப்போதும் ஏதாவது ஒரு இரும்பு வேலை காத்திருக்கிறது. இவர்களில் பலர் மெஷின் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். எத்தனை ஆம்பியர், எத்தனை வருடம் வாரண்டி என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். ஹெல்மெட்டை மட்டும் கடைசியில், "அதையும் ஒண்ணு சேர்த்துப் போட்டுடுங்க" என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். இதை எழுதுவது அவர்களுக்காகத்தான்.

கருப்பாக இருந்தால் போதும் என்ற நினைப்பு

எல்லாத் தவறுக்கும் வேர் இதுதான். ஆர்க்கில், அதாவது வெல்டிங் ராடு நுனியில் எரியும் மின்பொறியில் இருந்து, கூசும் வெளிச்சம் மட்டும் வருவதில்லை. கூடவே புற ஊதாக் கதிரும் அகச்சிவப்புக் கதிரும் வருகின்றன. இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. கருவிழியின் மேல்படலத்தைச் சுடுவது புற ஊதாக் கதிர். சுடும்போது ஒன்றும் தெரியாது. பகலில் வேலையை முடித்து, சாப்பிட்டுப் படுத்த பிறகு, நடு ராத்திரியில் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். தண்ணீராகக் கொட்டும், லைட்டை ஏறிட்டுப் பார்க்க முடியாது. கதிர் பட்டு 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் பெரும்பாலும் இந்த வலி தொடங்குகிறது. அதனாலேயே பலருக்கு வேலைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு பிடிபடுவதில்லை.

சாதாரண கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வெல்டிங் அடிப்பது வெறும் கண்ணோடு அடிப்பதற்குப் பக்கத்தில் நிற்கும் காரியம். கருப்பு வழியாகப் பார்க்கும்போது கண்ணின் பாவை விரிந்துகொள்கிறது. அந்தக் கண்ணாடி தடுக்காத கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும்.

தானாகக் கருக்கும் ஹெல்மெட்டிலும் இதே விஷயம்தான். ஆர்க் பட்டதும் கருப்பது எல்.சி.டி. அடுக்கு. அது குறைப்பது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை. புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுப்பது அதற்கு முன்னால் நிரந்தரமாக இருக்கும் இன்னொரு அடுக்கு. தரமான ஹெல்மெட்டில் பேட்டரி செத்து, கண்ணாடி கருக்காமலே போனாலும் அந்த அடுக்கு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கண் கூசும், ஆனால் கருவிழி வேகாது. தரம் தெரியாத ஹெல்மெட்டில் அந்த அடுக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று கடை வாசலில் நின்று கண்டுபிடிக்கவே முடியாது. வெயிலில் காட்டியதும் பளிச்சென்று கருக்கிறது என்றால் எல்.சி.டி. வேலை செய்கிறது என்று மட்டுமே அர்த்தம்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? கண்ணாடியின் மேல் இருக்கும் எழுத்தை. அட்டைப் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஃபில்டரின், அதாவது நாம் பார்க்கும் கருப்புக் கண்ணாடியின் சட்டத்திலும் ஹெல்மெட்டின் உள்பக்கத்திலும் தரக் குறியீடு பதிந்திருக்க வேண்டும். நம் நாட்டுத் தரம் ஐ.எஸ். 1179. ஐரோப்பாவில் இருந்து வந்த பழைய குறி ஹெல்மெட் உடலுக்கு ஈ.என். 175, தானாகக் கருக்கும் ஃபில்டருக்கு ஈ.என். 379. அமெரிக்காவில் ஏ.என்.எஸ்.ஐ. இசட் 87.1. புதிதாக வருகிறவற்றில் ஈ.என். குறிகளுக்குப் பதிலாக ஐ.எஸ்.ஓ. 16321 என்று இருக்கலாம்.

ஈ.என். 379 ஃபில்டரில் 4/9-13 என்று தொடங்கி, நடுவில் தயாரிப்பாளர் குறியும், அதன் பிறகு 1/1/1/2 மாதிரி நாலு எண்களும் இருக்கும். 4 என்பது கருக்காதபோது உள்ள கருப்பு நம்பர். 9-13 என்பது கருத்தபிறகு நாம் வைத்துக்கொள்ளக்கூடிய நம்பர்கள். அடுத்த நாலு எண்களும் தரத்துக்கு மார்க். 1 நல்லது, 3 சுமார். உருவம் கோணாமல் தெரிகிறதா, மங்கல் இல்லாமல் இருக்கிறதா, எல்லா இடத்திலும் ஒரே கருப்பா, சாய்த்துப் பார்த்தாலும் அதே கருப்பா என்ற வரிசையில் அவற்றைப் படிக்க வேண்டும். கடைசி எண்ணைக் கவனியுங்கள். பட்டறையில் டேபிள் போட்டு நேராக நின்று அடிக்கிறவரைவிட, கேட்டுக்கு அடியில் குனிந்தும் சாய்ந்தும் பார்க்கும் வீட்டு வேலைக்காரருக்குத்தான் அது அதிகம் உதவும்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வேகத்துக்கு அவ்வளவு முக்கியத்துவம் வேண்டாம். ஒரு விநாடியில் 10,000-ல் ஒரு பங்கு, 25,000-ல் ஒரு பங்கு என்று போட்டி போடுவார்கள். தரக் குறியீடு உள்ள இரண்டு ஹெல்மெட்டுக்கு நடுவில் அந்த வித்தியாசத்தைப் பார்த்து அதிகப் பணம் கொடுப்பதைவிட, ஆர்க் வெளிச்சத்தை உணரும் சென்சாருக்குக் கொடுக்கலாம். சென்சார் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ராடு நம்பரும் கண்ணாடி நம்பரும்

நம் கடைகளில் ராடை கேஜ் கணக்கில்தான் கேட்கிறோம். 12 நம்பர் என்றால் 2.5 மி.மீ., 10 நம்பர் என்றால் 3.15 மி.மீ., 8 நம்பர் என்றால் 4 மி.மீ. நம்பர் ஏற ஏற ராடு மெலிசு. கண்ணாடியில் நம்பர் ஏற ஏற கருப்பு. அதனால் "12 நம்பர் ராடுக்கு 12 நம்பர் கண்ணாடி, 8 நம்பர் ராடுக்கு 8 நம்பர் கண்ணாடி" என்று பொருத்துவது சுத்தமாகத் தலைகீழ். தடிமனான ராடுக்கு ஆம்பியர் அதிகம், வெளிச்சம் அதிகம், கண்ணாடியும் கருப்பாக வேண்டும்.

வீட்டு வேலைக்கு இந்தக் கணக்கு போதும். 12 நம்பர் ராடு, 60 முதல் 90 ஆம்பியர் வரை: 10 நம்பர் கண்ணாடி. 10 நம்பர் ராடு, 90 முதல் 130 ஆம்பியர்: 10 அல்லது 11. 8 நம்பர் ராடில் 160 ஆம்பியரைத் தாண்டினால் 12. மிக் வெல்டிங் (ராடுக்குப் பதில் கம்பிச் சுருள் தானாக வரும் வகை) என்றால் 10-க்குக் கீழே இறங்க வேண்டாம், 11-ல் தொடங்குங்கள். எதுவானாலும் முதலில் கருப்பு அதிகமாக வைத்து, ராடு நுனிக்குக் கீழே உருகி நிற்கும் இரும்புக் குட்டை தெளிவாகத் தெரியும் வரை ஒவ்வொரு நம்பராக இறக்கி வருவதுதான் முறை. ஒரேயடியாக 13-ல் வைத்துவிட்டால் ரொம்பப் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். ஒன்றும் தெரியாமல் முகத்தை ஆர்க் பக்கத்தில் கொண்டு போவார்கள். புகை நேராக மூக்குக்குள் போகும், வெல்டும் கோணும்.

பாயிண்ட் வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வது

வீட்டு வெல்டிங்கில் கண் கெடுவது நீளமான வெல்டில் அல்ல, இரும்பை இடத்தில் நிறுத்த அங்கங்கே சின்னதாக ஒட்டி பாயிண்ட் வைக்கும்போது. நீளமாக ஓட்டும்போது எல்லாரும் ஷீல்டைப் பிடிக்கிறார்கள். ஃபிரேமை மூலைமட்டம் பார்த்து நிறுத்தி, ஒரு கையில் பைப்பையும் மறு கையில் ஹோல்டரையும் பிடித்துக்கொண்டால் ஷீல்டு பிடிக்க மூன்றாவது கை கிடையாது. "ஒரு பாயிண்ட்தானே" என்று முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடி அடிக்கிறோம். ஒரு கேட்டுக்கு எத்தனை பாயிண்ட் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் சேர்ந்துகொண்டே போகிறது. போதாக்குறைக்கு முகத்துத் தோலும் கழுத்தும் கருகி உரிகின்றன.

கையில் பிடிக்கும் ஷீல்டை மட்டும் வாங்குவது தவறு என்று நான் சொல்வது இதனால்தான். தலையில் மாட்டும் ஹெல்மெட் வேண்டும். அதிலும் தானாகக் கருக்கும் வகை என்றால் பாயிண்ட் வைக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே அடிக்கலாம். அது வசதிக்காகச் செய்யும் செலவு இல்லை. கண்ணை மூடும் பழக்கத்தையே ஒழித்துவிடும்.

ஆனால் ஒன்று. கையில் இருக்கும் பணத்துக்குத் தரக் குறியீடு உள்ள ஆட்டோ ஹெல்மெட் வரவில்லை என்றால், குறியீடு இல்லாத ஆட்டோவை வாங்காதீர்கள். அதே காசில் தரமான 10 அல்லது 11 நம்பர் சாதா கண்ணாடி போட்ட, தலையில் மாட்டும் ஹெல்மெட் தாராளமாகக் கிடைக்கும். ராடு நுனியை இடத்தில் வைத்து, தலையை ஒரு முறை சட்டென்று ஆட்டி ஹெல்மெட்டை இறக்கி, அப்புறம் உரச வேண்டும். மெஷினை ஆன் செய்யாமலே கொஞ்ச நேரம் பழகினால் கை வந்துவிடும்.

சென்சார், வெயில், பேட்டரி

விலை குறைந்த ஆட்டோ ஹெல்மெட்டில் பெரும்பாலும் இரண்டு சென்சார். நேராக நின்று அடிக்க அது போதும். ஸ்டாண்டின் கம்பிகளுக்கு நடுவே தலையை நுழைத்தோ, டிரெய்லருக்கு அடியில் படுத்தோ அடிக்கும்போது ஒரு கம்பியோ நம் கையோ சென்சாரை மறைத்துவிட்டால் கண்ணாடி கருக்காது, அல்லது நடுவில் திடீரென்று தெளிந்துவிடும். மாதத்துக்கு ஒரு முறையாவது வேலை செய்கிறவர் நாலு சென்சார் உள்ளதையே வாங்கட்டும்.

நம் ஊரில் வெல்டிங் பாதி வேலை திறந்தவெளியில், புளியமர நிழலிலோ வாசலிலோதான் நடக்கிறது. சென்சார் உணரும் அளவைக் கூட்டிக் குறைக்கும் சென்சிட்டிவிட்டி திருகு இல்லாத ஹெல்மெட் ஏப்ரல், மே வெயிலில் ஆர்க் இல்லாமலே கருத்துக்கொள்ளும். திருகு இருந்தால் வெயிலில் குறைத்து, உள்ளே வந்ததும் கூட்டிக்கொள்ளலாம். முதுகுப் பக்கம் வெயில் வைத்து உட்கார்ந்தால் வெளிச்சம் பின்னால் இருந்து நுழைந்து கண்ணாடியின் உள்பக்கம் நம் முகமே தெரியும். குட்டை தெரியாது, கண்ணாடி மட்டம் என்று நினைப்போம். இடத்தை மாற்றி உட்கார்ந்தாலே தீரும்.

சோலார் என்று எழுதியிருப்பதால் பேட்டரியே இல்லை என்று நினைக்க வேண்டாம். அநேகமாக உள்ளே ஒரு லித்தியம் பேட்டரியும் இருக்கும். மாற்றவே முடியாதபடி மூடி வந்தால் பேட்டரி தீர்ந்த அன்று ஃபில்டரே குப்பை. சி.ஆர். 2032, சி.ஆர். 2450 மாதிரி கழற்றி மாற்றும் பேட்டரி உள்ளதைக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் வேலைக்கு முன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்து, கண்ணாடியை வெளியில் வானத்துப் பக்கம் காட்டிக் கருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மொபைல் டார்ச்சுக்குக் கருக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம், எல்.இ.டி. வெளிச்சத்தைப் பல சென்சார்கள் கண்டுகொள்வதில்லை.

வயது நாற்பதைத் தாண்டி, பேப்பர் படிக்கக் கண்ணாடி போடுகிறவர் வெல்டிங்கில் மட்டும் போடாமல் அடிப்பதைப் பார்க்கிறேன். ஹெல்மெட்டுக்கு உள்ளே பூதக்கண்ணாடி மாட்ட இடம் இருக்கும் மாடல்கள் உண்டு. கோடு கோணுவதற்குக் கை நடுக்கம் காரணம் இல்லை, கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாததுதான் என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். தலைப்பட்டையை இறுக்கும் திருகு, எடை ஆகியவற்றைக் கடையிலேயே ஐந்து நிமிடம் மாட்டிக் குனிந்து நிமிர்ந்து பார்த்தால் போதும். கழுத்து சொல்லிவிடும்.

ஹெல்மெட் செய்யாத வேலைகள்

கிரைண்டிங் மோடு இருந்தால் நல்லது; கிரைண்டரைத் தொடும்போது கண்ணாடி கருக்காமல் இருக்கும். மறுபடி ராடை எடுக்கும்போது அந்த மோடை மாற்ற மறப்பதுதான் ஆபத்து. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஸ்லாக் (வெல்டின் மேல் படியும் ஓடு) தட்டுவதற்கு உள்ளே ஒரு வெள்ளை சேஃப்டி கண்ணாடி எப்போதும் போட்டிருக்க வேண்டும். புகையையும் ஹெல்மெட் தடுக்காது. துத்தநாகப் பூச்சு உள்ள ஜி.ஐ. பைப்பில் அடிக்கும்போது வரும் துத்தநாகப் புகையால் அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள்.

வீட்டுப் பட்டறையில் இன்னொருவர் கண்ணும் இருக்கிறது. பைப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மனைவியோ மகனோ நிற்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும். சுண்ணாம்பு அடித்த சுவரும் தகரமும் கதிரைத் திருப்பி அடிக்கும். உங்கள் ஹெல்மெட்டோடு சேர்த்து ஒரு கை ஷீல்டும் கட்டாயம் வாங்குங்கள். உதவிக்கு நிற்கிறவருக்கு அது வேண்டும். பிள்ளைகளை அனுப்பிவிட்டுத்தான் ராடைத் தொட வேண்டும்.

அப்படியும் யாருக்காவது ராத்திரி கண் உறுத்தினால் தாய்ப்பால், விளக்கெண்ணெய், உருளைக்கிழங்கு என்று கண்ணில் வைக்காதீர்கள். புண்ணான படலத்தில் கிருமி ஏறும். மரத்துப்போகும் சொட்டு மருந்தை மெடிக்கலில் வாங்கித் திரும்பத் திரும்ப விடுவது இன்னும் மோசம், புண் ஆறாது. கண்ணைக் கசக்காமல், சுத்தமான துணியில் குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, விடிந்ததும் கண் டாக்டரிடம் போங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சாதாரணமாக ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். இரும்புத் தூள் ஏதாவது ஒட்டியிருந்தால் அதை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக, ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தகடு. பொறி பட்டுப் பட்டு அது புள்ளி விழுந்து மங்கிப் போகும். ஃபில்டர் போய்விட்டது என்று நினைத்துப் புது ஹெல்மெட் வாங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தகடு சில ரூபாய்தான், ஆனால் மாடலுக்கு மாடல் அளவு மாறும்; அப்புறம் தேடினால் கிடைக்காது. ஹெல்மெட் வாங்கும்போதே வெளித்தகடு நாலைந்தும், உள்தகடு ஒன்றும் அதே கடையில் கேட்டு வாங்கிவிடுங்கள். அந்த அளவுத் தகடு தனியாகக் கிடைக்காது என்று கடைக்காரர் சொன்னால், வேறு மாடலைப் பாருங்கள்.